வீட்டுத் தூக்கப் பரிசோதனை: அறிக்கையில் 'இயல்பு' என்றிருந்தால் நோய் இல்லை என்று பொருளா?

உரத்த குறட்டை, பகலில் அடக்க முடியாத உறக்கம், காலையில் தலைவலி ஆகிய தொல்லைகள் உள்ளவர்களுக்கு, 'ஸ்லீப் ஆப்னியா' எனப்படும் தூக்க மூச்சுத்தடை உள்ளதா என அறிய வீட்டிலேயே தூக்கப் பரிசோதனை செய்யப்படுகிறது. அதன் அறிக்கையில் 'இயல்பு' என்றிருந்தாலும் நோய் இல்லை என்று உடனே முடிவு செய்துவிட முடியாது.

கருவி அளப்பது என்ன?

பெரும்பாலான கருவிகளில், மூக்கில் பொருத்தப்படும் மெல்லிய குழாய் மூச்சுக்காற்றின் ஓட்டத்தையும், மார்புப் பட்டை மூச்சு விடும் முயற்சியையும், விரலில் மாட்டும் உணரி இரத்த ஆக்சிஜன் அளவையும் பதிவு செய்கின்றன. காற்றோட்டம் 90 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்து, குறைந்தது 10 விநாடிகள் நீடித்தால் அது மூச்சு நிறுத்தம். 30 சதவீதமாவது குறைந்து, ஆக்சிஜன் அளவும் 3 அல்லது 4 சதவீதம் சரிந்தால் அது மூச்சுக் குறைவு.

முக்கிய எண்

இவை ஒரு மணி நேரத்திற்கு சராசரியாக எத்தனை முறை நிகழ்ந்தன என்பதே அறிக்கையில் 'ஏஎச்ஐ' அல்லது 'ஆர்இஐ' என்று குறிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கு இது 5-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 5 முதல் 15-க்குள் லேசான பாதிப்பு. 15 முதல் 30-க்குள் மிதமான பாதிப்பு. 30 அல்லது அதற்கு மேல் தீவிர பாதிப்பு.

எண் ஏன் குறையக்கூடும்?

ஆய்வகப் பரிசோதனையில் மூளை அலைகள் பதிவாவதால் ஒருவர் உண்மையில் உறங்கிய நேரம் தெரியும். பெரும்பாலான வீட்டுக் கருவிகளில் அந்த வசதி இல்லை; பதிவான மொத்த நேரத்தைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. உதாரணமாக, 8 மணி நேரப் பதிவில் 72 தடைகள் இருந்தால் அறிக்கை 9 என்று காட்டும். அது லேசான பாதிப்பு. ஆனால் அவர் உறங்கியது நாலரை மணி நேரம் மட்டுமே எனில் உண்மையான அளவு 16. அது மிதமான பாதிப்பு. ஆக்சிஜன் சரியாமல் உறக்கத்தை மட்டும் கலைக்கும் தடைகளும் வீட்டுக் கருவியில் விடுபடக்கூடும்.

எனவே அறிகுறிகள் இருந்தும் முடிவு இயல்பு என வந்தாலோ, பதிவு தெளிவாக இல்லாவிட்டாலோ, ஆய்வகத்தில் முழு இரவுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதே மருத்துவ வழிகாட்டுதல். குறைந்தது 4 மணி நேரமாவது தெளிவான பதிவு தேவை. தீவிர இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், பக்கவாதம் ஏற்பட்டவர்களுக்கும் தொடக்கத்திலேயே ஆய்வகப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது.

வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்?

ஆக்சிஜன் எந்த அளவு வரை சரிந்தது, 90 சதவீதத்திற்குக் கீழ் எவ்வளவு நேரம் இருந்தது என்பவையும் முக்கியம். ஒரே ஏஎச்ஐ கொண்ட இருவரில் ஆக்சிஜன் அதிகம் சரிந்தவரின் நிலை வேறு. மல்லாந்து படுக்கும்போது மட்டும் எண் உயர்ந்தால், பக்கவாட்டில் படுப்பதே ஓரளவு பலன் தரக்கூடும்.

சிகிச்சையின்றி விடப்படும் தூக்க மூச்சுத்தடை உயர் ரத்த அழுத்தத்துடன் தொடர்புடையது. வாகனம் ஓட்டும்போது கண் அயரும் ஆபத்தும் உண்டு. பகலில் உறக்கம் அழுத்துபவர்கள், அறிக்கை எதுவாக இருந்தாலும், மருத்துவரிடம் அதைத் தெரிவித்து, காரணம் தெரியும் வரை நீண்ட தூரம் வாகனம் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது.