முதலாண்டு எழுத்துப் பாடம் (அமெரிக்கா)

அமெரிக்கக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் மாணவர்கள், எந்தத் துறையை எடுத்தாலும், பெரும்பாலும் கட்டாயமாகப் படிக்கும் ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சி. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வயதான இப்பாடத்தில் இரண்டு சச்சரவுகள் ஓய்ந்ததே இல்லை: எதைக் கற்பிப்பது, யார் கற்பிப்பது. இவற்றைத் தனித்தனியே பேசுவதே வழக்கம். ஆனால் பல இடங்களில் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவது கேள்விதான் முடிவு செய்திருக்கிறது. வாரந்தோறும் குவியும் கட்டுரைகளை யாராவது உட்கார்ந்து படித்துத் திருத்தியாக வேண்டும். மேல்நிலையில் இருந்த பேராசிரியர்கள் அந்த வேலையை மிக அரிதாகவே விரும்பினர்.

தொடக்கம் ஹார்வர்டு. 1869-இல் அதன் தலைவரான சார்லஸ் எலியட் பாடங்களை மாணவரின் விருப்பத்துக்கு விட்டார். ஆங்கில எழுத்தில் மட்டும் கண்டிப்புக் காட்டினார். பத்திரிகையாளராக இருந்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில்லை 1872-இல் அழைத்து வந்தார். 1874 முதல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. சிறந்த பள்ளிகளிலிருந்து வந்த பையன்களிலும் பெருந்தொகையினர் தேறவில்லை. 1885-இல் ‘இங்கிலிஷ் ஏ’ என்ற பாடம் முதலாண்டுக்கு மாற்றப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றக் கட்டாயங்கள் ஒவ்வொன்றாக உதிர, இது நிலைத்தது. நாடெங்கும் கல்லூரிகள் இதைப் பின்பற்றின.

அதே ஹார்வர்டில் அதே காலத்தில் நடந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சொல்லாட்சித் துறையின் பாய்ல்ஸ்டன் பேராசிரியராக 1851 முதல் இருந்த ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு, பழைய கதைப் பாடல்களைத் தொகுத்துப் புகழ்பெற்றவர். மாணவர் கட்டுரைகளைத் திருத்துவதை அவர் வெறுத்தார். 1876-இல் புதிதாகத் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரை அழைத்தபோது, அவரைப் போகவிடாமல் தடுக்க ஹார்வர்டு கொடுத்த சலுகை, திருத்தும் வேலையிலிருந்து விடுதலை. அவர் ஹார்வர்டின் முதல் ஆங்கிலப் பேராசிரியரானார். கட்டுரைக் கட்டு ஹில்லுக்கும் அவருக்குக் கீழிருந்த இளைஞர்களுக்கும் போனது. இலக்கிய ஆய்வு உயர்ந்தது, எழுதக் கற்பிப்பது தாழ்ந்தது என்ற படிநிலை ஒரு பணி உடன்படிக்கையாகவே அன்று எழுதப்பட்டுவிட்டது என்று சொல்வதில் மிகை இல்லை.

அதன் விளைவை முதலில் உரத்துச் சொன்னவர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹாப்கின்ஸ். 1911-இல் அமைந்த ஆங்கில ஆசிரியர் தேசிய மன்றம் 1912 ஜனவரியில் தன் இதழைத் தொடங்கியது. இன்றைய சூழலில் கட்டுரைப் பாடத்தை நன்றாக நடத்த முடியுமா என்று கேட்ட அவர் கட்டுரைதான் முதல் இதழின் முதல் கட்டுரை. முடியாது என்றே அதைத் தொடங்கினார். ஒருவர் தலையில் கட்டப்படும் தாள்களின் எண்ணிக்கையே அவர் காட்டிய காரணம். யேல் பேராசிரியர் தாமஸ் லவுன்ஸ்பரி 1911-இல் வேறு முடிவுக்கு வந்தார்: கட்டாயத்தையே நீக்குங்கள் என்றார். இருவரில் ஹாப்கின்ஸ் சொன்னதே சரி. ஆனால் அந்தச் சுமையைக் குறைக்கப் பணம் வேண்டும். லவுன்ஸ்பரியின் யோசனைக்கு வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவித்தொகையோடு படைவீரர்கள் கல்லூரிகளில் நிரம்பினர். வகுப்புகள் பெருகின. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஆய்வு மாணவர்களைக் கொண்டு அவற்றை நடத்தும் வழக்கம் பெரிய பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. 1949-இல் இத்துறை ஆசிரியர்களுக்கெனத் தனி மாநாட்டு அமைப்பு பிறந்தது. 1963-இல் பிராடக், லாயிட்-ஜோன்ஸ், ஷோயர் மூவரும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, இலக்கண விதிகளைத் தனியே கற்பிப்பதால் எழுத்து மேம்படுவதில்லை, கேடும் விளையலாம் என்றது. அதைப் படித்தபின் பழைய பாடத்திட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவது கடினம்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் இரண்டு சச்சரவுகளும் நேருக்கு நேர் மோதின. அங்கே முதலாண்டு ஆங்கிலத்தை நடத்தியவர்கள் உதவி ஆசிரியர்களான ஆய்வு மாணவர்கள். வியட்நாம் போர் எதிர்ப்பு கொதித்த நாட்கள் அவை. பாடநூலை ஒதுக்கி, எதைப் படிப்பது, மதிப்பெண் எதற்கு என்பவற்றை மாணவரோடு சேர்ந்து முடிவு செய்யச் சிலர் முற்பட்டனர். 1969 நவம்பரில் ஆங்கிலத் துறைப் பேராசிரியர்கள் கட்டாயப் பாடத்தையே கைவிட வாக்களித்தனர். மாணவர்கள் பள்ளியிலேயே தேறி வருகிறார்கள் என்று வெளியே காரணம் சொல்லப்பட்டது. கட்டுப்பாடு கைநழுவிப் போனதே உண்மைக் காரணம் என்று பின்னாளில் டேவிட் ஃப்ளெமிங் தன் நூலில் வாதிட்டார். அவர் வாதம் நம்பத்தக்கது. 1970 வசந்தத்தில் உதவி ஆசிரியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து, ஒப்பந்தம் பெற்றது. பொது எழுத்துக் கட்டாயம் அவ்வளாகத்துக்குத் திரும்பியது 1990-களில்தான்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் நகரின் எல்லா உயர்நிலைப் பள்ளிப் பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோவினரும் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் வந்தனர். அவர்கள் எழுத்தில் இருந்த பிழைகளை, அங்கே கற்பித்த மீனா ஷாக்னசி ஆயிரக்கணக்கான தாள்களில் தேடிப் படித்தார். அவை அறிவின்மையால் வருபவை என்ற எண்ணத்தை 1977-இல் வெளிவந்த அவர் நூல் தகர்த்தது; ஒவ்வொரு பிழைக்குள்ளும் ஒரு ஒழுங்கு இருப்பதைக் காட்டியது. இப்பாடத்தின் வரலாற்றில் இதைவிடக் கருணையும் கூர்மையும் சேர்ந்த உழைப்பு அரிது. ஆனால் நூல் வருமுன்பே நகரின் நிதி நெருக்கடியில் ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தனர். 1976-இல் கட்டணமும் வந்தது. மாணவரின் சொந்த வழக்குமொழிக்கு உரிமை உண்டு என ஆசிரியர் மாநாடு 1974-இல் தீர்மானித்ததையும், அடுத்த ஆண்டு ‘நியூஸ்வீக்’ பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று அட்டைப்படக் கட்டுரை போட்டதையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும்.

ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1980-களின் நடுவில் ஆங்கிலத் துறை தன் எழுத்துப் பாடங்களைக் குறைத்து, விரிவுரையாளர் பலருக்குப் பணி நீட்டிப்பு மறுத்தது. 1990-இல் அங்கேயே லிண்டா பிராட்கி தலைமையிலான குழு, பாகுபாடு பற்றிய நீதிமன்ற வழக்குகளைப் படித்து வாதம் எழுதும் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. இது அரசியல் போதனை என்று ஆலன் கிரிபென் முதலியோர் எதிர்த்தனர். 56 ஆசிரியர்கள் கையெழுத்திட்ட விளம்பரம் மாணவர் நாளிதழில் வந்தது. திட்டம் முதலில் தள்ளிப்போடப்பட்டு, பிறகு கைவிடப்பட்டது. எதிர்த்தவர்களில் மேக்சின் ஹேர்ஸ்டன் போன்ற எழுத்துப்பாட வல்லுநரும் இருந்ததால் இதை வெறும் வலதுசாரிக் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது. எனினும் எழுத்தைக் கற்பித்து வாழ்ந்தவர்களின் வேலை போனபோது தேசியப் பத்திரிகைகளில் இவ்வளவு ஆரவாரம் எழவில்லை.

பணிநிலை பற்றிய கூட்டுக்குரல் ஒன்று 1986-இல் வயோமிங்கில் எழுந்தது. நியாயமான ஊதியத்துக்கும் பணிச்சூழலுக்கும் தரம் வகுக்கவும், மீறும் நிறுவனங்களைக் கண்டிக்கவும் அங்கே கூடிய ஆசிரியர்கள் தீர்மானம் இயற்றினர். மாநாட்டு அமைப்பு 1989-இல் அதைத் தர அறிக்கையாக்கியது: வகுப்புக்கு 20 மாணவருக்கு மேல் கூடாது, ஒருவருக்கு ஒரு பருவத்தில் 60 பேருக்கு மேல் கூடாது. கண்டிக்கும் வழிமுறை நழுவிவிட்டது. நிரந்தரப் பேராசிரியர் பதவிகளையே அறிக்கை முன்னிறுத்தியதால், ஏற்கெனவே பகுதிநேரமாக உழைத்தவர்கள் கைவிடப்பட்டதாக உணர்ந்தனர். ஆஸ்டினின் ஜேம்ஸ் ஸ்லெட் இதை ஓயாமல் சாடினார்: எழுத்துத் துறையில் பட்டம் பெற்ற புதிய மேற்பார்வையாளர்கள் பழைய இலக்கியப் பேராசிரியர்களின் இடத்தில் அமர்கிறார்கள், கீழே உழைப்பவர் நிலை மாறவில்லை என்றார். அவ்வாறு உழைத்தவர்களில் பெண்களே மிகுதி என்பதை 1991-இல் சூசன் மில்லர் எடுத்துக்காட்டினார். ஷாரன் க்ரௌலி 1998-இல், அனைவருக்குமான கட்டாயம் இருக்கும்வரை மலிவான ஆசிரியர் படையும் இருக்கும், ஆகவே கட்டாயத்தை நீக்குங்கள் என்று எழுதினார். அது லவுன்ஸ்பரியின் முடிவேதான், ஆசிரியர்கள் பக்கம் நின்று சொன்னது. ஆனால் அப்படி நீக்கினால் முதலில் தெருவுக்கு வருபவர்கள் அதே ஆசிரியர்கள்தான் என்பதற்கு மேடிசனும் ஆஸ்டினும் ஏற்கெனவே சாட்சி.

2014 இறுதியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், முழுநேர எழுத்து ஆசிரியர்களின் பருவ வகுப்புகளை நான்கிலிருந்து ஐந்தாக உயர்த்த முடிவு செய்தது. வகுப்புக்கு 25 பேர் எனில் ஒருவருக்கு 125 மாணவர். 1989-ஆம் ஆண்டு அறிக்கை விதித்த உச்ச வரம்பைப் போல இருமடங்குக்கும் மேல். எதிர்ப்புக் கிளம்பியபின் ஊதியத்தைச் சற்று உயர்த்த நிர்வாகம் இணங்கியது.