அப்பரின் சூலையும் ராமானுஜனின் வயிறும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துப் பக்கம் இருக்கிற மெடிக்கல் ஷாப்காரர்களுக்கு எல்லா நாட்டு மொழியும் தெரிய வேண்டியதில்லை. வந்தவர் வயிற்றைத் தடவிக் காட்டினால் போதும், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மேசைக்கு வந்துவிடும். கார்த்திகை தீபம் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் ஜாஸ்தி. வந்த மூணாம் நாள் வயிறு மக்கர் பண்ணினால் ஒளிவு மறைவில்லாமல் சொல்லி மருந்து கேட்கிறார்கள்.

நம்மாளுங்க அப்படியே தலைகீழ். வீட்டுக்குள்ளே "காலையில சரியாப் போச்சா?" என்று சத்தமாக விசாரிப்போம். அதே ஆள் மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா கிளம்பும்போது, விமானத்தில் நடைபாதை ஓரத்து சீட்டு வேண்டும் என்று கேட்கக்கூட வெட்கம். கேட்டால் ஏன் என்று சொல்லணுமே!

இந்த வெட்கம் நமக்கு எப்போ வந்ததுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன். பழைய காலத்தில் இல்லைங்க. அதுக்கு சாட்சி அப்பர் பெருமான்.

ஏழாம் நூற்றாண்டு. மருள்நீக்கியார் என்ற பிள்ளைப் பெயரோடு பிறந்தவர், சமணத்தில் சேர்ந்து தருமசேனர் என்ற பெயரில் பாடலிபுத்திரத்துப் பள்ளியில் பெரிய ஆளாக இருக்கிறார். பாடலிபுத்திரம்னா பீகார் இல்லை, இன்றைக்குக் கடலூரில் இருக்கிற திருப்பாதிரிப்புலியூர். அங்கேதான் வயிற்றில் சூலை நோய் பிடிக்கிறது. மருந்தும் மந்திரமும் கேட்கவில்லை. சமையல்காரரை அக்கா திலகவதியாரிடம் தூது அனுப்புகிறார். அக்கா, "நான் அங்கே வரமாட்டேன்" என்று சொல்லிவிட, வயிற்று வலியோடு ராத்திரியில் கிளம்பித் திருவதிகைக்கு வந்து சேர்கிறார். இதெல்லாம் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன கதை.

திருவதிகைக்கு வந்து அவர் பாடிய முதல் பதிகத்தை எடுத்துப் பாருங்க. நாலாம் திருமுறையே அதில்தான் ஆரம்பிக்குது. வயிற்றுக்குள்ளே குடலைச் சேர்த்துச் சுருட்டிப் பிடிக்கிறது, என்னால் தாங்க முடியவில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறார். பிறகு ஊர் ஊராக நடந்து, நம்ம அண்ணாமலையையும் பாடியவர் அவர். ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு மேலாகக் கோயிலில் நின்று ஒருத்தருடைய வயிற்று வலியை நாம் ராகம் போட்டுப் பாடிக்கிட்டு இருக்கோம். யாரும் முகம் சுளிக்கலை.

(சூலைதான் ஐ.பி.எஸ். என்று பட்டம் கட்ட நான் வரலை. ஐ.பி.எஸ். என்றதும் போலீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை :-) எரிச்சல் கொண்ட குடல் நோய். வலி, உப்புசம், ஒரு நாள் வயிற்றால போறது, மறுநாள் போகவே போகாதது. டெஸ்ட் எடுத்தால் குடலில் புண்ணோ கட்டியோ எதுவும் தெரியாது.)

இப்போ இன்னொரு வயிறு. இது கடல் தாண்டிப் போனது.

கணிதமேதை ராமானுஜன் 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படிக்கும்போது கடுமையான சீதபேதி வந்து படிப்பை விட்டுட்டு கும்பகோணம் திரும்ப வேண்டியதாச்சு. 1910ல் விரைவீக்கத்துக்கு ஒரு ஆபரேஷன். 1914 மார்ச் 17 அன்று நெவாசா கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டு, ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். சுத்த சைவம். டிரினிட்டி கல்லூரிச் சாப்பாடு ஒத்துவராது என்று அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். போய் நாலே மாசத்தில் முதல் உலகப்போர். காய்கறிக்கே திண்டாட்டம்.

1917 வசந்தத்தில் படுத்தார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி, சானடோரியம் என்றே கழிந்தது. விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்று வலி, எடை குறைவு. முதலில் வயிற்றுப் புண் என்றார்கள். அப்புறம் காசநோய் என்று முடிவு செய்து அதற்கே வைத்தியம் நடந்தது. 1918ல் பாட்டி ஷா என்ற டாக்டர் வந்து பார்த்தபோதுதான், இந்த மனுஷனுக்கு முன்பு ஒரு ஆபரேஷன் நடந்திருக்கிறது என்பதே வெளியே வந்தது. அதுவரை பார்த்த டாக்டர்களுக்கு அது தெரியாது. ஹார்டியே இதை ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஆபரேஷன் புற்றுநோய்க்காக இருக்குமோ என்று பாட்டி ஷா சந்தேகப்பட்டது வேற கதை. அதுவும் தப்பான வழி.

கணக்கில் அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் பார்த்த ஒரு ஆளுடைய உடம்பின் வரலாறு, அவரைக் கவனித்தவர்கள் கையில் முழுசாக இல்லை. 1919ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் சென்னையில் போய்விட்டார்.

1994ல் டாக்டர் டி.ஏ.பி. யங் என்பவர் பழைய குறிப்புகளை எல்லாம் திரட்டிப் படித்து, இது காசநோய் இல்லை, கல்லீரலில் அமீபா தாக்கியதுதான் என்று முடிவுக்கு வந்தார். சீதபேதி பண்ணுகிற அமீபா குடலில் சத்தமில்லாமல் பல வருஷம் தங்கியிருந்து, பின்னால் கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்கும். அதாவது சென்னையில் ஏறிய நோய் கேம்பிரிட்ஜில் இறங்கியிருக்கிறது. எல்லாரும் ஒப்புக்கொண்ட தீர்ப்பு இல்லை என்றாலும், யங் சொல்வது சரியென்றால் மனசு அடித்துக்கொள்கிறது. ஏன்னா மருந்து அப்போதே இருந்தது. 1912லேயே கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் என்ற டாக்டர் அமீபா பேதிக்கு எமட்டின் ஊசி போட்டுக் குணப்படுத்திக் காட்டிவிட்டார். கலிபோலிப் போர்முனையில் பேதி பிடித்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கும் அந்த மருந்து கொடுக்கப்பட்டது. பழைய பேதியையும் புதிய காய்ச்சலையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க ஆள் இல்லாமல் போச்சு.

ராமானுஜனுக்கு இருந்தது ஐ.பி.எஸ். இல்லை. ஆனாலும் நம்ம விஷயத்துக்கு வருது பாருங்க. 1962ல் ஆக்ஸ்போர்டில் சௌத்ரி, ட்ரூலவ் என்ற இரண்டு டாக்டர்கள் இந்தக் குடல் நோய் உள்ள 130 பேரைப் பரிசோதித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு பகுதி நோயாளிகளுக்குப் பிரச்சினை ஆரம்பித்ததே ஒரு சீதபேதிக்கு அப்புறம்தான். கிருமி போய்விடுகிறது, குடல் மட்டும் பயந்த குழந்தை மாதிரி பழைய நிலைக்கு வருவதில்லை. குடல் தொற்று வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருத்தருக்கு இப்படி ஆகும் என்பது இன்றைய கணக்கு. நம்ம ஊரில் மாட்டிக்கிட்ட வெளிநாட்டுக்காரருக்கும் இது பொருந்தும், வெளிநாட்டில் மாட்டிக்கிற நமக்கும் பொருந்தும்.

சாப்பாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்த நோய்க்குச் சொல்கிற உணவு முறையில் முதலில் தள்ளி வைக்கச் சொல்வது வெங்காயமும் பூண்டும். நம்ம கோயில் மடப்பள்ளியில் இதைக் காலங்காலமாகத் தள்ளித்தானே வைத்திருக்கிறோம்! வெளிநாட்டில் சைவ சூப் என்று நம்பிக் குடிப்போம், அதில் பாதி வெங்காயமாக இருக்கும். வெள்ளைச் சோறு கிடைக்கிற இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்வது கோழைத்தனம் இல்லை.

இன்னொன்றும் சொல்லணும். காய்ச்சல், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற பேதி, இதெல்லாம் ஐ.பி.எஸ். கணக்கில் சேராது. "எனக்கு எப்பவும் இப்படித்தான்" என்று மாத்திரை போட்டு அடக்காமல், எந்த நாடாக இருந்தாலும் டாக்டரைப் பார்க்கணும்.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. பயணம் கிளம்பும் முன்னாடி ஒரே ஒரு தாள் எடுங்க. எந்த வருஷம் எந்த ஊரில் சீதபேதி, மஞ்சக்காமாலை, டைபாய்டு வந்தது, என்ன ஆபரேஷன் நடந்தது, இப்போ என்ன மாத்திரை, எது சாப்பிட்டால் ஒத்துக்காது என்று வரிசையாக எழுதி, பாஸ்போர்ட்டோடு வையுங்க. கூட வருகிறவரிடமும் ஒரு பிரதி கொடுங்க. ஓரத்து சீட்டையும் வாய் திறந்து கேட்டு வாங்குங்க. அப்பருக்கே இல்லாத கூச்சம் நமக்கு எதுக்கு?