பழைய துப்பாக்கி என்ன விலை?

கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பழகியவர்தானே நீங்கள்? அப்படியானால் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைப் பற்றிப் பாதி தெரிந்தவர் என்று அர்த்தம். கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால், சுட்டு முடித்த காலித் தோட்டா வெளியே துள்ளி விழும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும். கைப்பிடியைக் கீழே மடக்கினால் தாழ்ப்பாள் விழுந்தாச்சு. அவ்வளவுதான் சங்கதி!

இந்தத் தாழ்ப்பாளின் மதிப்பை உலகம் உணர்ந்தது 1866-ல். கோனிக்கிராட்ஸ் போர்க்களத்தில் பிரஷ்யச் சிப்பாய் தரையில் படுத்தபடியே தோட்டா போட்டுச் சுட்டான். எதிரே ஆஸ்திரியச் சிப்பாய் குழாயின் வாய் வழியாக மருந்து கெட்டிக்க வேண்டும். அதற்கு நின்றாக வேண்டும். நின்றவன் விழுந்தான்! அதன்பிறகு ஒவ்வொரு ராணுவமும் தாழ்ப்பாளுக்கு மாறியது. ஜெர்மனிக்கு மவுசர், பிரிட்டனுக்கு 1895-ல் லீ-என்ஃபீல்ட். அதுதான் நம் சினிமா போலீஸ் தோளில் பார்த்த அந்த ‘த்ரீ நாட் த்ரீ’.

ராணுவத்தின் கையில் இருந்தது வேட்டைக்காரர்களின் கைக்கு வர எத்தனை நாள் ஆகும்? 1907-ல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்ததே ஒரு ரிக்பி ரைஃபிள்தான். அதன் உள்ளே இருந்தது மவுசர் தாழ்ப்பாள். கார்பெட் 1955-ல் இறந்தார். அந்தத் துப்பாக்கியை 2015-ல் அதே ரிக்பி கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. செகண்ட் ஹேண்ட் துப்பாக்கிக்கு அதைவிட ராஜமரியாதை வேறு உண்டா?

இந்தியாவில் ஒரு விசித்திரம் நடந்தது. ராணுவத் தோட்டா திருட்டுத்தனமாகக் கலகக்காரர்கள் கைக்குப் போய்விடுமோ என்று பிரிட்டிஷ் அரசுக்குக் கவலை. ராணுவம் பயன்படுத்தும் .303 அளவைப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். அப்புறம் மான் வேட்டைக்கு என்ன செய்வது? .315 அங்குலத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது 8 மில்லிமீட்டர். யாருடையது தெரியுமா? ஆஸ்திரிய ராணுவத்தின் தோட்டா! துப்பாக்கியின் உடம்பு லீ-என்ஃபீல்ட், தோட்டா மட்டும் ஆஸ்திரியா. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை பிற்காலத்தில் இதே அளவில் ‘ஸ்போர்ட்டிங் ரைஃபிள்’ செய்து விற்றது. லைசென்ஸ் உள்ள ஏராளமான இந்தியர்களின் வீட்டு பீரோவில் தூங்குவது இந்தக் கலப்புக் குழந்தைதான்.

இனி விலைக்கு வருவோம். 1980-களின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதிக்கு அரசு ஏறக்குறையக் கதவைச் சாத்தியது. சரக்கு புதிதாக வராது, ஆசைப்படுகிறவர் எண்ணிக்கை மட்டும் குறையாது. விளைவு? தாத்தா காலத்து இங்கிலீஷ் ரைஃபிள்கள் பழசாகப் பழசாக விலை ஏறின. கார் வாங்கினால் ஷோரூமை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்கும். துப்பாக்கியில் தலைகீழ்! 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்பது இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள்.

உங்களுக்கு ஆசை வந்துவிட்டதா? முதலில் லைசென்ஸ் வேண்டும். அது கிடைத்தாலும், டீலர் அல்லாத ஒருவரிடமிருந்து வாங்குவதாக இருந்தால் விற்கிறவர் 45 நாள் முன்னதாகவே அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தகவல் தர வேண்டும். தேர்தல் வந்தால் பெரும்பாலும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

சரி, எல்லாம் தாண்டி வாங்கியாச்சு. எந்த மானைச் சுடுவீர்கள்?

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோதுகூட வேட்டை லைசென்ஸுக்கு இடம் இருந்தது. புள்ளிமானும் கடமானும் ‘பெரிய வேட்டை’ப் பட்டியலில் இருந்தன. 1991 திருத்தத்தோடு அந்தக் கதை முடிந்தது. மான் வேட்டைக்காகவே பிறந்த துப்பாக்கியை நீங்கள் வாங்கலாம், துடைக்கலாம், எண்ணெய் போடலாம். மானைச் சுட்டால் ஜெயில்!

இப்போது என்னோடு வாருங்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகும் ரோட்டில் எலவனாசூர்கோட்டை. பக்கத்தில் தியாகதுருகம். 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் துப்பாக்கியோடு மோதிக்கொண்ட வட்டாரம் இது. இன்னும் மேற்கே போனால் கல்வராயன் மலை. அங்கே மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சி 1976 வரை நடந்தது. சுதந்திர இந்தியாவின் நிர்வாகம் அந்த மலைக்கு முழுசாக ஏறிச் சேரவே சுமார் 29 வருடங்கள் ஆயின.

அந்த மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிறவருக்குத் தலைவலி காட்டுப்பன்றி. விலை பேசப் போல்ட் ரைஃபிள் எல்லாம் அவருக்குக் கிடையாது. வடதமிழக மலைகளில் அடிக்கடி பிடிபடுவது நாட்டுத் துப்பாக்கி. குழாயின் வாய் வழியே கரிமருந்து, அதன்மேல் பால்ரஸ் குண்டு, இடித்துக் கெட்டிக்க ஒரு கம்பி. 1866-ல் தோற்றுப்போன ஆஸ்திரியச் சிப்பாயின் அதே முறை!

இதில் வேடிக்கை, 1959 ஆயுதச் சட்டமே பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்கிறது. வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் விண்ணப்பம், போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் அலைச்சல், கூலி போகும் நாட்கள்... இதெல்லாம்தான் அந்தத் துப்பாக்கியின் உண்மையான விலை. அந்த விலை கட்டாதவர் பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம். கெடு வைத்து, தானாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று போலீஸ் அவ்வப்போது அறிவிப்பதும் இதனால்தான்.

மலையில் மான் சுடப்படுவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சுடுகிறார்கள், பிடிபடுகிறார்கள். அது குற்றம்தான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்து 1878 ஆயுதச் சட்டத்தின் விதிகள் ஐரோப்பியருக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு அளித்தன. அவர் சுட்டால் ‘ஷிகாரி’, புத்தகம் எழுதினார். அதே காட்டில் லைசென்ஸ் இல்லாத மலைவாசி சுட்டால் குற்றவாளி, அவர் பெயர் எஃப்.ஐ.ஆரில் மட்டும் எழுதப்பட்டது.

மானுக்கு மட்டும் இந்த வித்தியாசம் எல்லாம் தெரியாது. அதற்கு எந்தத் துப்பாக்கியும் ஒரே துப்பாக்கிதான்.