லவ் பேர்ட்ஸ்னு வாங்குறது உண்மையில் லவ் பேர்ட்ஸ் தானா? பட்ஜிஸ் வளர்க்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

பல்லாவரம் வெள்ளிச் சந்தையிலோ, உங்க ஊர் மீன் தொட்டிக் கடையிலோ, கூண்டுக்குள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும் மஞ்சள், நீலம், பச்சை நிறக் குட்டிக் கிளிகளைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரரும் "லவ் பேர்ட்ஸ்" என்பார், வாங்குபவரும் "லவ் பேர்ட்ஸ்" என்பார். ஆனால் அது லவ் பேர்ட்ஸ் இல்லை. அதன் பெயர் பட்ஜரிகர், சுருக்கமாக பட்ஜி.

நிஜமான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. குட்டை வால், பருத்த அலகு. நம்ம ஊர் கடைகளில் அவற்றை "ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்று தனியாகச் சொல்லி, கூடுதல் விலைக்கு விற்பார்கள். பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். இருக்கு. இரண்டும் ஒரே இனம் என நினைத்து ஒரே கூண்டில் விட்டால், ஆப்பிரிக்கன் பறவை பட்ஜியின் காலைக் கடித்துக் குதறிவிடும்.

எங்கிருந்து வந்தது?

பட்ஜியின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. கடலோரத்தைவிட உள்நாட்டு வறண்ட பகுதிகளில்தான் அதிகம். தண்ணீரும் புல் விதையும் கிடைக்கும் இடத்தைத் தேடி கூட்டம் கூட்டமாகப் பறந்துகொண்டே இருக்கும். 1805-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1840-ல் ஜான் கௌல்ட் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்ற பிறகு ஐரோப்பிய வீடுகளில் பரவியது. காட்டில் இருப்பது பச்சை உடலும் மஞ்சள் முகமும் மட்டும்தான். நீலம், வெள்ளை, முழு மஞ்சள் எல்லாம் கூண்டு வளர்ப்பில் உருவாக்கப்பட்ட நிறங்கள்.

வளர்ப்பது சட்டப்படி சரியா?

சரிதான். நம்ம ஊர் பச்சைக்கிளி 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அதைப் பிடிப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாமே குற்றம். பட்ஜி வெளிநாட்டு இனம் என்பதால் அந்தத் தடை கிடையாது. ஆப்பிரிக்கன் கிரே, மக்கா போன்ற கிளிகளை வைத்திருப்பவர்கள் 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பட்ஜிக்கும் காக்டெயிலுக்கும் அதுவும் தேவையில்லை.

ஒன்றா, ஜோடியா?

கூட்டமாக வாழ்ந்து பழகிய பறவை. தனியாக விட்டால் வாடிப்போகும். ஒற்றைப் பறவை வேண்டுமென்றால், தினமும் சில மணி நேரமாவது அதனோடு இருக்க உங்களால் முடிய வேண்டும். காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வீடு என்றால் இரண்டாக வாங்குவதே நல்லது. குஞ்சு வேண்டாம் என்றால் இரண்டு ஆண்களாக வாங்கலாம். அலகுக்கு மேலே மெழுகு போல ஒரு பகுதி இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது பெரும்பாலும் நீலம், பெண்ணுக்கு பழுப்பு. (சில நிறங்களில் இந்தக் கணக்கு தப்பும்.) நெற்றியில் வரிவரியாகக் கோடு இருந்தால் அது நான்கு மாதத்துக்கு உட்பட்ட இளம் பறவை. கையில் பழக்க அதுதான் சரியான வயது.

பழக்குவதில் அவசரமே கூடாது. முதல் வாரம் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினால் போதும். அடுத்து திணைக் கதிரைக் கையில் பிடித்தபடி கூண்டுக்குள் நீட்டுங்கள். பயம் விட்டுப்போனால் விரலில் ஏறி நின்றே சாப்பிடும். துரத்திப் பிடித்தால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. ஆண் பறவைகள் பேசவும் கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் பக் என்ற பட்ஜி 1,728 சொற்கள் பேசியதாக கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. உங்கள் பட்ஜி நாலு வார்த்தை பேசினாலே பெரிய விஷயம்.

திணை மட்டும் போதுமா?

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். திணையை மட்டுமே தின்னும் பறவைக்கு வைட்டமின் ஏ குறையும், கல்லீரலில் கொழுப்பு சேரும். வெளியில் எதுவும் தெரியாது. ஒருநாள் திடீரெனச் செத்துக் கிடக்கும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட், முளைகட்டிய பயறு என்று தினமும் ஏதாவது ஒன்றை நன்றாகக் கழுவிக் கொடுங்கள். முதல் சில நாள் தொடாது, அதற்காக நிறுத்திவிட வேண்டாம். கால்சியத்துக்கு கடல் நுரை என்று கடையில் கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் மாட்டினால் போதும். அவகாடோ, சாக்லேட், காபி, உப்பு போட்ட முறுக்கு, மிக்சர் கூடவே கூடாது.

கூண்டு உயரத்தைவிட நீளமாக இருக்கட்டும். இரண்டரை அடி நீளத்துக்குக் குறையாமல், கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் பாருங்கள். பிளாஸ்டிக் குச்சியில் எப்போதும் நின்றால் காலில் புண் வரும். கொய்யா, வேப்பங் கிளைகள் வைக்கலாம். மண்பானையை மட்டும் சும்மா அழகுக்காகத் தொங்கவிடாதீர்கள். பானையைப் பார்த்தாலே பெண் பறவை முட்டையிட ஆரம்பிக்கும். ஒரு ஈட்டுக்கு நாலு முதல் ஆறு முட்டை. இடைவெளி இல்லாமல் போட்டால் உடலில் கால்சியம் தீர்ந்து, முட்டை உள்ளேயே சிக்கி உயிர் போகும் ஆபத்து உண்டு.

வீட்டுக்குள் இருக்கும் எமன்கள்

பறவையின் நுரையீரல் மிக மென்மையானது. நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் மறந்து அதிகமாகச் சூடேறினால் வரும் புகை, சில நிமிடங்களில் பட்ஜியைக் கொன்றுவிடும். நமக்கு வாடைகூடத் தெரியாது. அதனால் கூண்டு சமையலறையிலோ, அதை ஒட்டியோ வேண்டவே வேண்டாம். கொசுவத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே புகையும் ஆகாது. பறவையை வெளியே விடும்போது முதல் வேலை, சீலிங் ஃபேனை நிறுத்துவது.

உடம்பு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பலவீனம் தெரிந்தால் எதிரி பிடித்துவிடும் என்பதால் பறவைகள் நோயை மறைக்கும். நமக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். பள்ளி நாட்களில் நாங்கள் வளர்த்த பட்ஜி ஒன்று ஒருநாள் உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குளிருது போல என்று கூண்டைத் துணியால் மூடிவிட்டோம். மறுநாள் காலை அது இல்லை.

பகலிலும் இறகை உப்பித் தூங்குவது, கூண்டின் தரையில் உட்காருவது, மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுவது, எச்சத்தின் நிறம் மாறுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். போகும் வரை பறவையைக் கதகதப்பாக வைத்திருங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்பதைப் பறவை வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். மனிதர்களின் மாத்திரையைத் தண்ணீரில் கலக்க வேண்டாம்.

கிளிக் காய்ச்சல் என்ற பாக்டீரியா நோய் காய்ந்த எச்சத் தூசி வழியாக நமக்கும் பரவலாம். அரிதுதான். ஆனாலும் தட்டை ஈரப்படுத்திய பிறகு, மாஸ்க் போட்டுச் சுத்தம் செய்வது நல்லது. கூண்டைக் கழுவிய குடும்பத்தில் யாருக்காவது காய்ச்சல், வறட்டு இருமல் வந்தால், வீட்டில் பறவை இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பறந்து போய்விட்டால்?

"சுதந்திரமா இருக்கட்டும்" என்று திறந்துவிடுபவர்களும் உண்டு. பாவம், அது கூண்டிலேயே பிறந்த பறவை. இரை தேடத் தெரியாது. காக்கையிடமோ பூனையிடமோ சீக்கிரமே மாட்டும். தவறிப் பறந்துவிட்டால், ஜோடிப் பறவையைக் கூண்டோடு மொட்டை மாடியில் நிழலில் வைத்து, பக்கத்தில் இன்னொரு கூண்டைத் திறந்து திணை போட்டு வையுங்கள். ஜோடியின் சத்தம் கேட்டு அன்று மாலையோ மறுநாள் விடிகாலையோ திரும்ப வாய்ப்பு இருக்கிறது. மாடியில் இருக்கும் கூண்டை மட்டும் தனியாக விட்டுவிட்டுக் கீழே வந்துவிடாதீர்கள். காக்கை அதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.