உரோமானிய வெள்ளிக் காசுகளின் உருவங்களும் தமிழகப் புதையல்களும்

முன்னுரை

உரோமானியரின் வெள்ளிக் காசாகிய தெனாரியஸ் கொங்குப் பகுதியில் மிகுதியாகக் கிடைத்துள்ளது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு வெளிப்பட்ட புதையலில் மட்டும் 500க்கும் மேற்பட்ட காசுகள் இருந்தன. இத்தகைய புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகியோரின் இருவகைக் காசுகளே விஞ்சி நிற்கின்றன. அதன் காரணத்தையும் அதனால் வணிகக் காலக்கணிப்பில் எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இருவகைக் காசுகள்

அகஸ்டஸின் காசு கி.மு. 2 முதல் லுக்துனம் (இன்றைய லியோன்) அக்கசாலையில் அச்சிடப்பட்டது. முகப்பில் இலைமாலை சூடிய பேரரசரின் தலை உள்ளது. பின்புறத்தில் அவர் தத்தெடுத்த பெயரர்களான கையஸும் லூசியஸும் நிற்கின்றனர். அவர்களிடையே கேடயங்களும் ஈட்டிகளும், மேலே சடங்குக் கருவிகளும் காணப்படுகின்றன. அடுத்து ஆளவிருப்போர் இவர்களே என்னும் அறிவிப்பாக அது அமைந்தது. ஆயினும் லூசியஸ் கி.பி. 2இலும் கையஸ் கி.பி. 4இலும் இறந்தனர், அரியணை திபேரியஸுக்குச் சென்றது. அவர் காசின் பின்புறத்தில் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி அமர்ந்த பெண்ணுருவம் உள்ளது. அதனை அவர் தாய் லிவியா என்றும் அமைதித் தெய்வம் என்றும் அறிஞர் கொள்வர்.

பிளினியின் கூற்றும் புதையற் சான்றும்

காசுகளில் வெவ்வேறு உருவங்கள் இருந்தும் எடை ஒன்றாயிருந்ததை இலங்கை மன்னர் வியந்தார் என்கிறார் பிளினி. இக்கூற்றின்படி, மதிப்புக்கு அடிப்படை எடையே, உருவம் அன்று. புதையல்களோ வேறொன்றை உணர்த்துகின்றன. அக்காலத்தில் உரோமில் பழைய குடியரசுக் காலத் தெனாரியஸ்களும் பெருமளவில் புழங்கின. அவற்றுட் பல வெள்ளித் தரத்தில் குறைந்தவையல்ல. எனினும் தமிழகப் புதையல்களில் அவை அரியவை. இருவகைக் காசுகளும் மிகுதியாக அச்சிடப்பட்டன என்பது உண்மையே. ஆனால் அச்சு மிகுதி மட்டும் இந்த வேறுபாட்டை விளக்காது. கி.பி. 64இல் நீரோ, ஓர் இராத்தல் வெள்ளியில் 84 என்றிருந்த காசுகளின் எண்ணிக்கையை 96 ஆக்கினார். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. அதன்பின் வந்த காசுகளும் இங்குக் குறைவே. ஆகவே பழகிய உருவமே நல்ல வெள்ளிக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது எனக் கருதலாம்.

முடிவுரை

காசுகள் இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பின், திபேரியஸ் காசுகளின் மிகுதியைக் கொண்டு வணிகம் அவர் காலத்தில் உச்சமடைந்தது என்றோ, நீரோவுக்குப்பின் நலிந்தது என்றோ முடிவுகட்ட இயலாது. பழைய காசுகள் பிற்காலத்திலும் கப்பலேறியிருக்கக்கூடும். காசில் உள்ள பேரரசரின் காலம் அக்காசு அச்சான காலத்தையே காட்டும். அது தமிழகம் வந்த காலத்தைக் காட்டாது.