ஆமைக் கணக்கு

1987-இல் 'எக்காலஜி' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் டெபோரா குரௌஸ், லாரி குரௌடர், ஹால் காஸ்வெல். ஜார்ஜியா மாநிலத்தின் லிட்டில் கம்பர்லாந்து தீவில் திரட்டிய பெருந்தலை ஆமைத் தகவல்களை வைத்து, அந்த ஆமையின் ஆயுளை முட்டை முதல் தாய் வரை ஏழு கட்டமாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பிழைக்கும், எத்தனை அடுத்த கட்டத்துக்குப் போகும் என்பதை ஓர் அணியில் இட்டுப் பெருக்கினார்கள்.

விடை: ஒரு முட்டைகூட வீணாகாமல் காத்தாலும் இனம் தேய்ந்துகொண்டேதான் போகும். காப்பாற்ற வேண்டியது பருவமடையாத பெரிய இளசுகளை. அவையோ இறால் மடியில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்துக்கொண்டிருந்தன.

சென்னைக் கடற்கரையில் ராத்திரி நடந்து, பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துவந்து, பொரிப்பகத்தில் பானை வடிவக் குழி தோண்டிப் புதைப்பவன் நான். எனக்கு இது சுருக்கென்று தைக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கணக்கு சரி.

வழி ஏற்கெனவே ஒரு மீனவரிடம் இருந்தது. ஜார்ஜியாவின் சிங்கி பூன், சொறி மீன் தொல்லைக்காக வலையின் கழுத்தில் கம்பிச் சட்டம் பொருத்தியிருந்தார். இறால் கம்பிக்கு நடுவே நழுவிப் பின்மடிக்குப் போகும். பெரியது எதுவானாலும் கம்பியில் முட்டி, திறப்பு வழியே வெளியேறும். அதன் வழிவந்த கருவிகளைப் பொருத்துவதை அமெரிக்க அரசு 1987-லேயே விதியாக்கியது. மீனவர்கள் கொதித்து, 1989-இல் படகுகளை நிறுத்தித் துறைமுகங்களை மறித்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1996-இல், இத்தகைய கருவி இல்லாமல் பிடித்த இறாலை அமெரிக்கா இறக்குமதி செய்ய மறுத்ததில் நம் இறாலும் தடைபட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாடுகள் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்காடின. நோக்கம் சரி, நடத்திய விதம் பாரபட்சம் என்று 1998-இல் தீர்ப்பு வந்தது.