கொல்லிமலையில் ஒரு கரண்டிக் கஞ்சி



நல்ல சமாரியர் சாவடிக்காரரிடம் கொடுத்த இரண்டு தெனாரியத்தை நாம் மறப்பதில்லை. ஆனால் அந்தப் பணம் கைமாறியது மறுநாள்தான். அதற்கு முன்பே அவர் தாமே காயம்பட்டவரைக் கவனித்துக்கொண்டார் என்கிறார் லூக்கா. அந்த இரவுக் கவனிப்புக்குப் பெயர்தான் செவிலியர் பணி.

அப்படிப்பட்ட இரவுகளை நம் கொல்லிமலையும் கண்டிருக்கிறது. ஒரு காலத்தில் அது சேலம் ஜில்லா. இன்று நாமக்கல் மாவட்டம். 1913ஆம் ஆண்டு ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்ற இங்கிலாந்துத் தம்பதியர் அங்கே குடியேறினர். அவர்கள் பாப்டிஸ்ட் சபையினர். மலைமக்கள் அவர்கள் தந்த மருந்தை ஏற்றார்கள்; அவர்களை ஏற்கத் தயங்கினார்கள். ஊர்ப் பூசாரி ஒருவர் கடுமையாக எதிர்த்தார்.

1918-19இல் இன்புளூயன்சா காய்ச்சல் பரவியது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோயைத் தீர்க்கும் மருந்து அன்று இல்லை. பயத்தில் சொந்தபந்தமே விலகி நின்றது. பிராண்ட் தம்பதியர் அரிசிக் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகக் கொண்டுபோய், எழ முடியாதவர்களுக்குக் கரண்டியால் ஊட்டினார்கள். எதிர்த்த பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தபோது, அந்த வீட்டுக்கும் கஞ்சி போயிற்று.

இருவரும் பிழைக்கவில்லை. ஆனால் இறப்பதற்கு முன் பூசாரி தம் பிள்ளைகளை அந்தத் தம்பதியர் கையிலேயே ஒப்படைத்தார். கைக்குழந்தையை எவலின் தம் மகளாகவே வளர்த்தார்.

கவனியுங்கள்: கஞ்சி அந்த உயிரைக் காக்கவில்லை, பகையைத் தீர்த்தது. குணமாக்குவது எப்போதும் நம் கையில் இல்லை. உடனிருப்பது நம் கையில் உண்டு. நவீன செவிலியர் கல்விக்கு அடித்தளமிட்ட பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும், 1859இல் எழுதிய தம் நூலில், நோயாளிக்கு உணவூட்டுவதற்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார்.

1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் கொல்லிமலையிலேயே இறந்தார். அங்கே வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை செய்து சீராக்கினார். எவலின் முதிய வயதிலும் மலைமக்களுக்கே உழைத்து, 1974இல் தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

அன்பர்களே, அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் நிற்கும் சகோதரி ஒரு சொல் கடிந்து பேசினால், அவர் பொறுப்பில் எத்தனை கட்டில்கள் என்று எண்ணிப் பாருங்கள். நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். இந்த வாரம் நம் பங்கில் படுத்த படுக்கையாய் இருப்பவர் ஒருவரைப் பார்க்கப் போங்கள். பழப் பையை வைத்துவிட்டுத் திரும்பாமல், ஒரு வேளை உணவை ஊட்டிவிட்டு வாருங்கள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.